முதல் விசிறி

டிக் டிக் டிக் என்று அந்தச் சத்தம் மறுபடியும் முன்னால் கேட்க ஆரம்பித்தது. வைத்தீஸ்வரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டயமண்ட் ஹார்பர் சாலையில் இறக்கம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது. ஊரே தோசைக்கல் மாதிரி தட்டை. ஆனாலும் சாலை ஒரு விரற்கடை தாழ்ந்தால் போதும், லக்ஷ்மிநாராயணன் மிதிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு காலையும் சும்மா வைத்துக்கொண்டு மிதந்து போவான். அவன் வண்டி ஃப்ரீ வீல். காலை நிறுத்தினாலும் சக்கரம் பாட்டுக்கு ஓடும், ஓடும்போது டிக் டிக் என்று தம்பட்டம் வேறு அடித்துக்கொள்ளும். வைத்தீஸ்வரனுடையது அந்தக் காலத்து வண்டி. சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடல் சுற்றும், பெடல் சுற்றுகிற வரைக்கும் காலும் சுற்றியாக வேண்டும். கால் நின்றால் சக்கரமும் நின்றுவிடும். விடிகாலையில் பவானிபூரை விட்டுக் கிளம்பியதிலிருந்து, டயமண்ட் ஹார்பரில் கடல் மாதிரி விரிந்து கிடந்த கங்கையில் முழுக்குப் போட்டு, சந்தையில் விசிறி வாங்கிக் கட்டிக்கொண்டு இதோ திரும்புகிற வரைக்கும், அவர் கால் ஒரு நொடி சும்மா இருந்ததில்லை. முன்னால் போகிறவனோ ஊஞ்சலில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி போய்க்கொண்டிருந்தான்.

மொத்தம் நான்கு பேர். வைத்தீஸ்வரன் க்ளைவ் தெருவில் ஒரு சணல் கம்பெனியில் பெரிய கிளார்க்கு. பாங்க்கில் வேலை பார்க்கும் திருவேங்கடம் சரீரத்தில் இரண்டு ஆள். அவர் ஏறினால் வண்டி ஒரு முறை 'ஹூம்' என்று முனகிவிட்டுத்தான் நகரும். சந்தானம் ஒல்லி, வாயாடி. நான்காவது ஆள்தான் இந்த லக்ஷ்மிநாராயணன். கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீசில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. பவானிபூரில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. தலைநகரத்தை டில்லிக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள், ஆபீஸ்களெல்லாம் காலியாகும் என்று ஊரெல்லாம் கலங்கிக்கொண்டிருந்த சமயத்தில், இவன் மட்டும் சம்பள உயர்வு வாங்கி, அந்தக் கையோடு புது சைக்கிளும் வாங்கினான்.

நால்வரின் வண்டிக்குப் பின்னாலும் பனையோலை விசிறிக் கட்டு இருந்தது. ராமநவமிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பானகமும் நீர்மோரும் கொடுத்து ஆளுக்கொரு விசிறியும் கொடுப்பது நம் வழக்கமில்லையா? திருவேங்கடத்தின் வீட்டுக் கூடத்தில் ராமர் படம் வைத்து பஜனை நடக்கும். சில வருஷங்களுக்கு முன்னால், யாரும் கேட்காமலே, வைத்தீஸ்வரன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னந்தனியாக டயமண்ட் ஹார்பர் வரைக்கும் சைக்கிளில் போய் ஒரு கட்டு விசிறி வாங்கி வந்தார். சைக்கிளில் அத்தனை தூரமா என்று பவானிபூரே வாயைப் பிளந்தது. திருவேங்கடத்தின் பெண்டாட்டி ஜலஜா, "கொண்டு வந்த கையாலேயே ராமருக்கு முதல்ல நீங்க வீசுங்கோ" என்றாள். அவர் வீசினார். அடுத்த வருஷம் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து ராமநவமிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை விசிறிப் பயணம் என்று ஆகி, யார் முதலில் வந்து சேருகிறாரோ, அன்று சாயங்காலமே கூடத்தில் அவர் கைக்கு முதல் விசிறி என்றும் ஆகிவிட்டது. இதுவரைக்கும் அந்தக் கை வைத்தீஸ்வரன் கைதான். ஆபீசில் துரை எதிரில் கைகட்டி நிற்கிற மனுஷருக்கு, வருஷத்தில் ஒரு நாள், அத்தனை குடும்பமும் பார்த்துக்கொண்டிருக்க ராமருக்கு முன்னால் நின்று வீசுகிற அந்த நிமிஷம் எவ்வளவு பெரியது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் பெண்டாட்டி அனந்தலக்ஷ்மி அன்றைக்கு மட்டும் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்பாள், புதிதாகப் பார்க்கிறவள் போல.

அதைத்தான் இந்தப் பயல் தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான். மைதானத்தில் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி இவனுக்கு சைக்கிள் பழக்கியது யார்? சாட்சாத் இந்த வைத்தீஸ்வரன்தான். புத்தி கெட்டுப்போய்ச் செய்த காரியம். இப்போது பஜனையில் அவன் குரல்தான் குரல். கடைத்தெருவில் அவன் பேசுகிற வங்காளியைக் கேட்டு மீன்காரிகூடச் சிரிக்கிறாள். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டான். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. வைத்தீஸ்வரன் தோல் சீட்டு ஆசாரத்துக்கு ஆகாது என்று மேலே மான்தோல் போர்த்தியிருப்பதைப் பார்த்து மட்டும் எல்லோரும் சிரிக்கிறார்கள். இன்று காலையில் அனந்தலக்ஷ்மி புளியஞ்சாதப் பொட்டலத்தைக் கட்டும்போது, "லக்ஷ்மிநாராயணனுக்கும் சேத்துக் கட்டியிருக்கேன். பாவம், மெஸ்ஸுல என்னத்தைப் போடறானோ" என்றாள். பாவமாம்! பாவம்! அறுபது மைல் மிதித்து முழங்கால் கழன்று போகப்போகிறவன் இங்கே குத்துக்கல் மாதிரி நிற்கிறேன், அந்தத் தடியன் பாவமாம். இதற்குப் பெயர் பொறாமை என்று யாராவது சொல்லியிருந்தால் வைத்தீஸ்வரன் சண்டைக்குப் போயிருப்பார். ஆனால் பொறாமைதான். கலப்படமில்லாத, அசல் பொறாமை.

வழியில் ஆம்தலாவில் ஒரு இளநீர்க் கடையில் நிறுத்தினார்கள். காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. ஒரு இலை அசையவில்லை. வடமேற்கு மூலையில் வானம் மை கொட்டின மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. கடைக்காரர் அரிவாளை அந்தப் பக்கம் நீட்டி, "பாபு, கால்பைசாகி ஆஷ்சே" என்றார். சித்திரை, வைகாசியில் வங்காளத்தைப் புரட்டிப் போடுகிற புயல். இந்த வருஷம் அவசரப்பட்டுப் பங்குனியிலேயே கிளம்பிவிட்டது போலிருக்கிறது.

"ஓய் வைத்தி, இங்கேயே சித்தே ஒதுங்கிப்போம். அடிச்சு ஓயட்டும்" என்றார் திருவேங்கடம். அவர் ஏற்கெனவே கடை பெஞ்சில் பாதியை ஆக்கிரமித்துவிட்டார்.

வைத்தீஸ்வரன் லக்ஷ்மிநாராயணனைப் பார்த்தார். ஒதுங்கினால் எல்லோர் காலும் இளைப்பாறிவிடும். அப்புறம் புது வண்டியை யார் பிடிப்பது? புயலில்தான் அனுபவம் பேசும் என்று அவருக்கு ஒரு நப்பாசை.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. காத்து வரத்துக்குள்ள பேஹாலா போயிடலாம்."

"அண்ணா சொன்னா சரி" என்றான் லக்ஷ்மிநாராயணன் உடனே. இந்த மரியாதைதான் வைத்தீஸ்வரனுக்கு ஆகவே ஆகாது. எதிர்த்துப் பேசினாலாவது ஒரு வாய் திட்டலாம். அவன் பையிலிருந்து மெழுகுசீலையை எடுத்துத் தன் விசிறிகளைப் படுக்கைவாட்டில் அடுக்கிச் சுற்றி, வண்டிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினான். "உங்களோடதையும் இப்படிக் கட்டித் தரட்டுமா? நிக்க வச்சுக் கட்டினா காத்து பிடிக்கும்" என்றான்.

"எனக்கு விசிறி கட்டத் தெரியும்டா" என்றார் வைத்தீஸ்வரன்.

அவர் கட்டு எப்போதும் போல சீட்டுக்குப் பின்னால் நின்றது, மயில் தோகை விரித்த மாதிரி. தூரத்தில் வரும்போதே தெரியவேண்டும் அவருக்கு.

பேஹாலா வருவதற்குள் காற்று வந்துவிட்டது. முதலில் புழுதி, அப்புறம் மாவிலையும் பிஞ்சு மாங்காயுமாகப் பறந்தது, அதன் பின்னாலேயே ஈட்டி ஈட்டியாக மழை. மூன்று நிமிஷத்தில் மண் ரோடு களியாகிவிட்டது. திருவேங்கடமும் சந்தானமும் எங்கே பின்தங்கினார்கள் என்றே தெரியவில்லை. வைத்தீஸ்வரனின் மான்தோல் நனைந்து வழுக்கி நாற்றமடித்தது. அவர் ஒவ்வொரு மிதிக்கும் சீட்டின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஆனாலும் விடவில்லை. லக்ஷ்மிநாராயணனுக்குப் பத்தடி பின்னால்தான் இருந்தார்.

அப்போது மிரண்டுபோன மாடு ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே ஓடியது. லக்ஷ்மிநாராயணன் பிரேக்கை அழுத்தினான். வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினான், வண்டி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு காலையும் சேற்றில் தேய்த்து, மாட்டு வாலை உரசிக்கொண்டு எப்படியோ நிறுத்தினான். வைத்தீஸ்வரன் பெடலை எதிர்த்துக் கால் கொடுத்தார், வண்டி சாதுவாக நின்றது.

"பிரேக் பிடிக்கலையே அண்ணா. என்ன ஆச்சுன்னு தெரியலை" என்றான் அவன். முகத்தில் மழையோடு கொஞ்சம் பயமும் வழிந்தது.

என்ன ஆச்சு என்று வைத்தீஸ்வரனுக்குத் தெரியும். சக்கர விளிம்பு நனைந்துவிட்டால் ரப்பர் வழுக்கும், பிடிக்காது. இவர் வண்டியில் காலே பிரேக். அவன் வண்டியில் காலால் ஒன்றும் செய்ய முடியாது. மேட்டிலும் பாலத்திலும் இறங்கித் தள்ளிக்கொண்டு போடா என்று சொல்ல ஒரு வாய் வார்த்தை போதும். அது தொண்டை வரைக்கும் வந்தது.

"புது வண்டிதானே. போகப் போகச் சரியாயிடும்" என்றார்.

சொல்லிவிட்டு அவனை முந்திக்கொண்டு போனார். அன்றைக்கு முதல் தடவையாக அவருக்கு முன்னால் ரோடு காலியாக இருந்தது. டிக் டிக் சத்தம் இல்லை. அப்பாடா! மழையைக்கூட ரசிக்கத் தோன்றியது அவருக்கு.

அலிப்பூரைத் தாண்டினால் ஆதிகங்கை வாய்க்கால். அதன் மேல் ஒட்டக முதுகு மாதிரி ஒரு பாலம். அதில் ஏறி இறங்கினால் காளிகாட், அப்புறம் பவானிபூர் கூப்பிடு தூரம். வைத்தீஸ்வரன் பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தின் உச்சிக்கு ஏறினார். அதுவரைக்கும் வீடுகளும் மரங்களும் மறைத்துக்கொண்டிருந்த காற்று, உச்சியில் அவருக்காகவே காத்துக்கொண்டிருந்தது. மயில் தோகையைப் பிடித்து ஒரே தூக்கு. வண்டி பக்கவாட்டில் நகர்ந்து, கைப்பிடிச் சுவரில் மோதி, அவரைச் சேற்றில் உட்கார்த்திவிட்டு அதுவும் பக்கத்தில் படுத்துக்கொண்டது. கட்டு அவிழ்ந்தது. விசிறிகள் ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், கிளம்பி வாய்க்காலுக்கு மேலே பறந்து போயின. அத்தனை மைல் சுமந்து வந்த விசிறிகள். அவர் தவழ்ந்து தவழ்ந்து பிடித்ததில் மூன்று கைக்கு வந்தன. அதில் இரண்டுக்கு நடு நரம்பு முறிந்திருந்தது.

அப்போது கீழேயிருந்து அந்தக் குரல் கேட்டது. லக்ஷ்மிநாராயணன் மூச்சு வாங்க ஏதோ பஜனைப் பாட்டை முனகிக்கொண்டே ஏறி வந்தான். வைத்தீஸ்வரன் என்ன செய்தார் தெரியுமா? வண்டியை இழுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் சுருண்டு உட்கார்ந்துவிட்டார். மூன்று விசிறியோடு சேற்றில் தவழ்வதை அவன் பார்ப்பதைவிட அந்த வாய்க்காலில் விழுந்துவிடலாம் என்றிருந்தது. இருட்டிக்கொண்டு வந்த மழையில் அவன் இவரைக் கவனிக்கவில்லை. உச்சியைத் தாண்டினான். டிக் டிக் டிக் என்று ஆரம்பித்து, டிக்டிக்டிக்டிக் என்று ஓட்டமெடுத்து, காதுக்கே பிடிபடாத வேகத்துக்குப் போய், கீழே எங்கேயோ தடாலென்று ஒரு சத்தம். வைத்தீஸ்வரன் காதைத் தீட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சைக்கிள் மணிச் சத்தம், பிறகு வண்டி நகர்கிற சத்தம். போய்விட்டான். ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருந்தது. அடுத்த விநாடியே, ஜெயித்துவிட்டானே என்று வயிறு எரிந்தது. இரண்டும் ஒரே வயிற்றில்தான்.

அதற்குமேல் அவசரப்பட ஒன்றுமில்லை. நொண்டிக்கொண்டு தள்ளிக்கொண்டு போனார். இந்நேரம் அவன் ராமருக்கு வீசிக்கொண்டிருப்பான், ஜலஜா ஆரத்தி கரைத்துக்கொண்டிருப்பாள், அனந்தலக்ஷ்மி அவனைப் பார்ப்பாள். எப்படிப் பார்ப்பாள் என்பதை நினைக்க அவருக்குத் தெம்பில்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனார். திருவேங்கடம் வீட்டுச் சந்து முனை வந்தது.

சந்து முனை வெற்றிலைக் கடைத் தாழ்வாரத்தில், வண்டியைப் பிடித்துக்கொண்டு, லக்ஷ்மிநாராயணன் நின்றுகொண்டிருந்தான். முழங்கை தோலுரிந்து வேஷ்டியெல்லாம் ரத்தமும் சேறும். மெழுகுசீலைக் கட்டு மட்டும் கலையாமல் இருந்தது.

"வந்துட்டேளா அண்ணா! கடைக்காரரைக் கேட்டேன், யாருமே வரலைன்னார். எனக்கு பகீர்னுது. பாலத்துல நான் விழுந்துட்டேன், பிரேக் பிடிக்கவே இல்லை. நீங்களும் எங்கேயாவது விழுந்துட்டேளோன்னு…" சிரித்தான். "போங்கோ, முதல்ல நீங்க போங்கோ. நீங்க போகாம நான் எப்படி உள்ளே போறது?"

வைத்தீஸ்வரன் அவனைப் பார்த்தார். அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை என்பது தெரிந்தது. ஜெயித்ததையும் தூக்கிக் கொடுக்கிறான், அதைத் தூக்கிக் கொடுக்கிறோம் என்றுகூடத் தெரியாமல். பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் எவ்வளவோ தேவலை. கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஆனால் கால் என்னவோ வீட்டுப் பக்கம்தான் நடந்தது.

உள்ளே ஒரே ஆரவாரம். ஜலஜா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். எல்லோரும் வழி விட்டார்கள். முறியாத அந்த ஒரே விசிறியை எடுத்துக்கொண்டு அவர் ராமருக்கு முன்னால் போய் நின்று வீசினார். வீச வீச விசிறியிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் குத்துவிளக்கு மேல் தெறித்து ஒரு முகம் அணைந்தது. யாரோ ஒரு மாமி அவசரமாக ஏற்றினாள். முதல் விசிறி. இந்த வருஷமும் அவர் கைதான். அவர் திரும்பி அனந்தலக்ஷ்மியைத் தேடினார். அவள் வாசற்படியில் நின்று லக்ஷ்மிநாராயணனின் முழங்கைக்கு மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தாள்.

"பாருங்கோளேன், இத்தனை ரத்தத்தோட மழையிலே காத்துண்டு நின்னிருக்கான், நீங்க வரணும்னு. எந்தப் பிள்ளை இப்படிச் செய்யும்?" என்றாள் கண் கலங்க.

ஊரே ஆமாம் போட்டது. வைத்தீஸ்வரன் விசிறியைக் கீழே வைத்தார்.

அந்த நேரத்தில்தான் சந்தானம் தொப்பலாக உள்ளே வந்தான். "திருவேங்கடம் அண்ணா வண்டி செயின் அறுந்து போச்சு. பேஹாலாலே ஒரு மூடின கடை வாசல்ல உக்காந்துண்டிருக்கார். நெஞ்சைப் பிடிச்சுக்கறார். ஒரு வண்டிக்காரனும் இந்த மழையிலே வரமாட்டேங்கறான். நீ போய்ச் சொல்லுன்னார்" என்றான்.

ஜலஜா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தாள். "அவருக்குக் கொடுக்கிற கஷாயம் இங்கேன்னா இருக்கு" என்றாள், யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று தெரியாமல்.

லக்ஷ்மிநாராயணன் எழுந்திருப்பதை வைத்தீஸ்வரன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார். இதையும் அவன்தான் செய்யப் போகிறானா? நல்லவன் என்கிற பட்டத்தையும் இன்றைக்கே முழுசாகச் சுருட்டிக்கொண்டு போவதா? "நீ உக்காருடா!" என்று ஒரு அதட்டல் போட்டார். "குடுங்கோ அந்தக் கஷாயத்தை. நான் போறேன். என் வண்டிதான் சேத்துல நிக்கும்." நொண்டிக்கொண்டே போய்க் கஷாயக் கூஜாவை வாங்கி ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, திருவேங்கடத்தின் பத்தாறு வேஷ்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் முதுகுக்குத் தெரிந்தது. அனந்தலக்ஷ்மி, "ஐயோ, ஜாக்கிரதையா போங்கோ" என்று கூவினது காதில் விழுந்தது. அது கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது.

காளிகாட் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. காற்று அடங்கி, மழை மட்டும் தூற்றிக்கொண்டிருந்தது. கடைத்தெருவைத் தாண்டும்போது பின்னால் கேட்டது: டிக் டிக் டிக்.

"அண்ணா! நானும் வரேன். ரெண்டு பேரா போனா அவரைக் கைத்தாங்கலா கூட்டிண்டு வரலாம்."

"உன்னை யாருடா வரச் சொன்னா?"

டிக் டிக். வைத்தீஸ்வரன் வேகமாக மிதித்தார். சத்தமும் கூடவே வந்தது. இந்தச் சத்தம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நின்று தொலைந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே பாலத்தில் ஏறினார். உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்தார். காலை எதிர்த்துக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றாக, வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கினார். பின்னால் அவன் உச்சிக்கு வந்துவிட்டான் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் விழுந்தது போதாதென்று இந்தப் பக்கமும் விழ வருகிறான். சொன்னால் அவனுக்குச் சூட்சுமம் தெரிந்துவிடும். அப்புறம் மழையிலும் இவனை ஒன்றும் செய்ய முடியாது. அடுத்த வருஷம் வைத்தீஸ்வரனிடம் மிச்சம் என்ன இருக்கும்? டிக் டிக் டிக் என்று ஆரம்பித்தது. டிக்டிக்டிக் என்று ஓட்டமெடுத்தது.

"இறங்குடா!" என்று கத்தினார். தன் குரலா அது என்று அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. "சக்கரம் நனைஞ்சா பிரேக் பிடிக்காதுடா! சாயங்காலமே எனக்குத் தெரியும்! இறங்கித் தள்ளிண்டு வா!"

காலைத் தேய்க்கிற சத்தம் நீளமாகக் கேட்டது. பிறகு டிக் டிக் நின்றுவிட்டது. ஒன்றுமே கேட்கவில்லை, வாய்க்காலில் மழை விழுகிறது மட்டும்தான். அவர் திரும்பிப் பார்த்தார். இருட்டில் மேலே ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் மட்டும், கைப்பிடிச் சுவரோரம் அவருடைய விசிறி ஒன்று சேற்றில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அப்புறம் மேலேயிருந்து, மெதுவாக, நடந்து வருகிறவன் காலடிக்கு ஒன்றாக, டிக்… டிக்… என்று வந்தது. தெரியும் என்று சொன்னதை அவன் கேட்டிருப்பான். வைத்தீஸ்வரன் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒரு கையால் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு காலை நிறுத்தினார். சக்கரமும் நின்றது.